மேட்டூர் தண்ணீருக்காகப் பழைய கயாக்கில் பாய் மாட்டியது

என்னிடம் உள்ள கயாக் 13 அடி நீளம், இரண்டரை அடி அகலம். உள்ளே காலை நுழைத்து உட்காரும் வகை இல்லை. மேலே உட்கார்ந்து ஓட்டுவது. கிழக்குக் கடற்கரையில் ஒரு விடுதி தன் பழைய படகுகளைத் தள்ளிவிட்டபோது வாங்கியது. முன்பக்கம் பாய்மரம் நிறுத்துவதற்கான குழி, பின்னால் சுக்கான் எல்லாம் இருந்தன. மரமும் பாயும் கயிறும் எங்கே போயின என்று விற்றவர்களுக்கே தெரியவில்லை. பாய்ப் படகாகப் பிறந்துவிட்டு வெறும் துடுப்புப் படகாகக் காலம் தள்ளியிருக்கிறது.

அதற்குத் தனியாக விற்கும் பாய் கிட் ஒன்றை வரவழைத்து மாட்டினேன். சேலத்தில் இந்த வேலையைச் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு: படகுச் சாமான் கடை என்று எனக்குத் தெரிந்து இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் லேத் பட்டறை, எவர்சில்வர் துண்டு விற்கும் கடை, லாரித் தார்ப்பாய் தைப்பவர், தண்ணீர்த் தொட்டி ஒட்டுபவர் என்று எல்லாரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இந்த வேலைக்குப் படகுக் கடையைவிட இவர்கள்தான் அதிகம் தேவைப்பட்டார்கள்.

கயாக் பாய்கள் இரண்டு ரகம். வட்டமாக மடிந்து பைக்குள் போய்விடும் வி வடிவப் பாய் ஒன்று. முன்முனையில் கொக்கி போட்டு விரித்தால் போதும். துளை போட வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் காற்று முதுகுப் பக்கம் இருக்கும்வரைதான் அது இழுக்கும். ஆற்றோட்டத்தோடு ஒரே திசையில் போகிறவருக்கு அது சரி. நீர்த்தேக்கத்தில் அது கொண்டுபோய் எதிர்க்கரையில் தள்ளிவிட்டால், திரும்பி வருவது முழுக்கத் துடுப்பும் தோள்வலியும்தான். இரண்டாவது ரகம் மரத்தில் ஏறும் முக்கோணப் பாய். பக்கக் காற்றில் நன்றாகப் போகும். வலமும் இடமுமாக மாறிமாறி வெட்டி ஓட்டினால் காற்றை எதிர்த்தும் கொஞ்சம் ஏறலாம். நான் வாங்கியது இதைத்தான்.

கயாக்கில் பாய் கட்டுவது புது மோஸ்தர் ஒன்றும் இல்லை. 1865இல் ஜான் மெக்ரெகர் என்ற வழக்கறிஞர் ராப் ராய் என்று பெயர் வைத்த சின்னப் படகில், துடுப்போடு ஒரு குட்டிப் பாயையும் வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றி வந்தார். 1956இல் ஹான்னஸ் லிண்டமன் என்ற ஜெர்மானிய மருத்துவர் க்ளெப்பர் மடக்குக் கயாக்கில் பாய் கட்டி அட்லாண்டிக்கையே கடந்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடித் துறையிலிருந்து எதிர்க்கரை நாகமரைப் பக்கம் போய் இருட்டுவதற்குள் திரும்பினால் போதும்.

பெட்டியில் வந்தவை: இரண்டு துண்டாகச் சேரும் அலுமினிய மரம், தலையணை உறை மாதிரி அந்த மரத்தின் மேல் ஏறும் பாய், 6 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு, ஒரு கப்பி, கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பல் கவ்வி, ஒரு கைப்பிடி திருகாணிகள். பாயின் முன் விளிம்பு 2.6 மீட்டர், அடி விளிம்பு 1.4 மீட்டர். ஆகப் பரப்பு ஏறக்குறைய 1.8 சதுர மீட்டர். கூடவே வந்த தாளில், படகின் மேல்தளத்தில் பித்தளை மரைகள் ஏற்கெனவே பதிந்திருக்கும், திருகாணியை முடுக்கினால் வேலை முடிந்தது என்று போட்டிருந்தது. புதுப் படகுக்கு அது சரிதான். என் படகில் பித்தளையும் இல்லை, மரையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது மரக் குழியை. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் அது பாயில் கொடுக்கும் அழுத்தம் நாலு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று இந்தப் பாயை இரண்டு கிலோவுக்குச் சற்று மேலான எடையால் தள்ளும். 30 கிலோமீட்டர் ஆனால் ஒன்பது கிலோ. ஒன்பது கிலோ என்ன பெரிய பாரமா என்று தோன்றும். ஆனால் அந்தத் தள்ளல் மேல்தளத்துக்கு 1.1 மீட்டர் உயரத்தில் நடக்கிறது. அதைத் தாங்கும் குழியின் ஆழமோ 30 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி குழியின் அடிப்பகுதி 33 கிலோவை ஒரு பக்கமும், மேல் விளிம்பு 42 கிலோவை எதிர்ப்பக்கமும் தாங்க வேண்டும். காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் இது வந்துவந்து போகும். பல வருஷம் வெயில் தின்ற பிளாஸ்டிக் முதலில் விட்டுக்கொடுக்கும் இடம் அதுதான்.

டார்ச் அடித்துப் பார்த்தபோது குழியின் அடி மூலையில் பிறை மாதிரி ஒரு கீறல். அது மேலாக்கா, ஊடுருவிப் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் பென்சில் கோடு போட்டு வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. முன் மூடியைத் திறந்து கையை விட்டால் உள்ளே ஈரம். படகு முழுவதும் ஓட்டை பார்க்க வேண்டுமென்றால், பழைய வாக்குவம் கிளீனரின் ஊதும் வாயை முன் மூடியின் துவாரத்தில் துணி சுற்றி வைத்து, வெளியே சோப்பு நுரை தடவலாம். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை மட்டும் கிட்டே கொண்டுவரக் கூடாது. அந்த அழுத்தத்தில் படகு உப்பித் தெறித்துவிடும்.

படகு பாலிஎத்திலீன். இந்த பிளாஸ்டிக்கில் எபாக்சியோ சூப்பர் க்ளூவோ ஒட்டாது; காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் தோலாக உரிந்து வரும். வழி ஒன்றுதான், அதே பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்ப்பது. மொட்டை மாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் இந்தக் கயாக்கும் ஒரே பிரசவ முறை: அச்சுக்குள் பிளாஸ்டிக் தூளைப் போட்டு, அடுப்புக்குள் சுழற்றிக்கொண்டே உருக்குகிறார்கள். ஆகவே தொட்டி ஒட்டுபவரைத்தான் தேட வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கத்தியால் ஒரு சீவல் எடுத்துச் சூடான சால்டரிங் அயர்னில் வையுங்கள். மெழுகாக உருகி இழுபட்டால் வெல்டிங் பிடிக்கும். உருகாமல் சுருங்கிக் கருகினால் அது குறுக்குப் பிணைப்பு கொண்ட பாலிஎத்திலீன். சில பழைய கயாக்குகளை அதில் செய்திருக்கிறார்கள். அதை உருக்கி ஒட்டவே முடியாது. நல்ல வேளையாக என்னுடையது உருகியது.

அம்மாபேட்டைப் பக்கம் மாடி மாடியாக ஏறித் தொட்டி ஒட்டும் ஒருவர் வந்தார். படகைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "தொட்டின்னா மேல ஒரு பத்து போட்டா போதுங்க சார். இது ஆடுற எடம். பத்து நிக்காது, உள்ள எறங்கணும்" என்றார். படகு வேலையே பார்த்திராதவர் சொன்ன இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

அவர் செய்தது இது. கீறலின் இரண்டு நுனியிலும் 3 மில்லிமீட்டர் துளை. துளையின் வட்டம் வந்ததும் கீறல் மேலே ஓட முடியாது. பிறகு கீறலை நெடுக வி வடிவத்தில் சுரண்டி, தின்னரால் துடைத்தார். சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் படகையும் நிரப்புத் துண்டையும் சேர்த்துச் சூடாக்கினார். நிரப்புத் துண்டு, உடைந்த தொட்டியிலிருந்து நீளமாகச் சீவியது. இந்த பிளாஸ்டிக் 125 டிகிரி வாக்கில் உருக ஆரம்பிக்கும். மேல்பரப்பில் ஈரப் பளபளப்பு வந்ததும் அழுத்த வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம். அந்த ஒட்டின் மேல் மெல்லிய எவர்சில்வர் வலையை வைத்துச் சூட்டோடு அமுக்கிப் பதித்து, அதற்கும் மேலே இன்னொரு அடுக்கு. முன் மூடி வழியாகக் கையை விட்டு, குழிக் குழாயின் வெளிப்பக்கத்திலும் இதையே செய்தார். சிவப்புப் படகில் கறுப்புத் தழும்பு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

குழிக் குழாயின் அடிக்கும் படகின் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அங்கே தண்ணீர் குடிக்காத இவிஏ ஃபோமை வெட்டி இறுக்கமாகச் செருகினேன். இப்போது மரம் அசைந்தால் பாரம் ஒட்டில் மட்டும் ஏறாமல் படகின் தரைக்கும் போகிறது.

அடுத்து புஷ், அதாவது மரத்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் வளையம். கிட்டின் மரம் 38 மில்லிமீட்டர்; குழி அதைவிடப் பெரிது. அச்சிலிருந்து கழன்று வருவதற்காகக் குழியைக் கூம்பாக வார்த்திருக்கிறார்கள், மேலே 46, அடியில் 43. ஒரே புஷ் போட்டால் மேலேயோ கீழேயோ ஆடும். அதனால் மேலுக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்று இரண்டு தனி புஷ் கடையக் கொடுத்தேன். லேத்துக்காரர் நைலான் ராடைக் கையில் எடுத்துவிட்டார். அவர் பார்வையில் தப்பில்லை, மெஷின் புஷ்ஷுக்கு நைலான் அருமையான சரக்கு. ஆனால் நைலான் தண்ணீரைக் குடித்து உப்பும். ஊறி நிறைந்தால் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு அளவு கூடும். 43 மில்லிமீட்டரில் அது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வரும். மரத்தைச் சுழற்றித்தான் இந்தப் பாயைச் சுருட்ட வேண்டும். காற்று ஏறும் நேரத்தில் மரம் புஷ்ஷோடு கவ்விக்கொண்டு சுழல மறுத்தால் ஆபத்து. டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் ராடு வாங்கிக் கொடுத்து அதில் கடைந்தோம். அது அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது. மரத்துக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் விட்டாயிற்று. மேல் புஷ்ஷுக்கு ஒரு விளிம்பு, உள்ளே விழாமல் இருக்க. அடி புஷ்ஷில் மூன்று காடி, தண்ணீரும் மணலும் தேங்காமல் கீழே போக.

போல்ட் வாங்கச் செவ்வாய்பேட்டை. எவர்சில்வர் ஊரிலேயே கிடைக்கிறது என்றாலும், கேட்டு வாங்காவிட்டால் மட்டமான 202 ரகம்தான் கையில் வரும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, 202இலும் 304இலும் அது ஒட்டாது. பழைய இரும்புக் கடைகளில் ஒரு சொட்டுத் திரவம் வைத்திருப்பார்கள். மாங்கனீஸ் அதிகமுள்ள 202 ரகத்தில் விட்டால் நிறம் மாறும். மேட்டூர் நல்ல தண்ணீருக்கு 304 தாராளம். கடலுக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் 316. அலுமினிய மரத்தை எவர்சில்வர் திருகாணி தொடும் இடங்களில் கிரீஸ் தடவி, நைலான் வாஷர் போட்டேன். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் மாவாக உதிரும். கடலில் இது வேகமாக நடக்கும், ஏரியில் மெதுவாக. (வாஷருக்கு நைலான் சரி. அது உப்பினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.)

கப்பியும் கவ்வியும் மேல்தளத்தில் உட்கார வேண்டும். சாதாரண பாப் ரிவெட் அடித்தால் இழுவை ஒரு புள்ளியில் விழுந்து பிளாஸ்டிக் பிளக்கும். கை நுழையும் இடமெல்லாம் 6 மில்லிமீட்டர் (எம்6) போல்ட், உள்பக்கம் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, கழலாத நட்டு. கை நுழையாத ஒரே இடத்தில் ரப்பர் நட்டு போட்டேன். முடுக்க முடுக்க ரப்பர் உள்ளே பருத்து துளையை அடைத்துக்கொள்ளும். நீர் புகாமல் இருக்கப் பலர் சிலிக்கான் பிதுக்குகிறார்கள். பாலிஎத்திலீனில் அது கொஞ்ச நாள்தான். கார் கண்ணாடி மாட்டும் கடையில் கிடைக்கும் பியூட்டைல் டேப்பை போல்ட் கழுத்தில் சுற்றி முடுக்கினால், அது மெழுகாக நசுங்கி வருஷக்கணக்கில் இளகியபடியே அடைத்து நிற்கும்.

கப்பியை எங்கே வைப்பது என்பதைப் படகு தண்ணீரில் இல்லாதபோதே முடிவு செய்துவிடலாம். மொட்டை மாடியில் இரண்டு பழைய டயரின் மேல் படகை உட்கார வைத்து, டியூப் லெவலால் மட்டம் பிடித்து, மரத்தை நட்டுத் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். மரம் இரண்டு மூன்று டிகிரி பின்னால் சாய்ந்து நின்றது, அது இருக்க வேண்டியதுதான். சாயங்காலக் காற்றில் பாயை விரித்துக் கயிற்றைப் பல இடங்களிலிருந்து இழுத்தேன். கப்பி மிகவும் முன்னால் இருந்தால் பாயின் பின் விளிம்பு இறுகி அடி விளிம்பு தொளதொளக்கும். மிகவும் பின்னால் போனால் அடி இறுகி, மேலே பாய் படபடவென்று அடிக்கும். இரண்டும் ஒரே அளவு இறுகும் இடம் இருக்கைக்கு ஒரு சாண் பின்னால் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னப்பா, வடகம் காயவைக்கப் பந்தலா?" என்று கேட்டார். அந்தப் பாய்த் துணியின் விலையைச் சொன்னால் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும் என்பதால் ஆமாம் என்றேன்.

கிட் விற்கிறவர்கள் சொல்லாத சாமான் இரண்டு, பக்கப்பலகையும் மிதவையும். பாய் படகை முன்னால் மட்டும் தள்ளாது, பக்கவாட்டிலும் தள்ளும். கயாக்கின் அடி வழுவழுப்பாகத் தட்டையாக இருப்பதால் அது அப்படியே நழுவும். தண்ணீருக்குள் ஒரு பலகையை இறக்கி நிறுத்தினால்தான் அந்த நழுவல் முன்னோட்டமாகும். பொதுவாகப் பாய்ப் பரப்பில் நூற்றுக்கு நாலு பங்கு பலகை தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். 1.8 சதுர மீட்டருக்கு 720 சதுர சென்டிமீட்டர். 20 அகலம், 36 ஆழம். மேலே பிடிக்கச் சேர்த்து 60 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டினேன். பலகை 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். கடையில் ஐஎஸ் 710 முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும், "வாட்டர் புரூஃப்தான் சார்" என்ற வாய்ச்சொல் போதாது. முன் விளிம்பை உருட்டி, பின் விளிம்பைச் சீவி மெலிதாக்கி, வெட்டிய ஓரங்களில் எபாக்சியை நன்றாகக் குடிக்க விட்டேன். பிளைவுட்டுக்குள் தண்ணீர் இறங்குவது ஓரத்தின் வழியாகத்தான்.

அது எந்த இடத்தில் தொங்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க வாழப்பாடிப் பக்கம் மாமாவின் தோட்டத்துப் பண்ணைக்குட்டைக்குப் போனோம். நான் ஏறி உட்கார்ந்துகொள்ள, மாமா பையன் கரையில் நின்று நீளக் கழியால் படகின் பக்கவாட்டில் தள்ளினான். முன்பக்கம் தள்ளினால் மூக்கு விலகும், பின்பக்கம் தள்ளினால் வால் விலகும். நடுவில் ஓர் இடத்தில் தள்ளினால் படகு திரும்பாமல் மொத்தமாக நகரும். தண்ணீரின் எதிர்ப்பு மையம் அது. பாயின் மையத்தைக் காணப் பாயின் வடிவில் ஓர் அட்டை முக்கோணம் வெட்டி, ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ப் பக்கத்தின் நடுவுக்குக் கோடு போட்டால் மூன்றும் வெட்டும் இடம். இந்தக் கயாக்கில் மரம் நன்றாக முன்னால் இருப்பதால் பாயின் மையம் எதிர்ப்பு மையத்தைவிட இரண்டடிக்கு மேல் முன்னால் விழுந்தது. அப்படியே விட்டால் காற்று அடித்ததும் மூக்கு காற்றோடு ஓடப் பார்க்கும். சுக்கானை விட்டால் படகு தானாக நிற்காது. நல்ல படகு என்றால் கைவிட்டதும் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பாயைத் தளரவிட வேண்டும். அதனால் பலகையை முழங்காலுக்கும் முன்னால், பாயின் மையத்துக்கு நேர் கீழே வருகிற மாதிரி மாட்டினேன்.

பலகை ஒரே ஒரு தடித்த போல்ட்டில், இரண்டு ரப்பர் வாஷர்களுக்கு நடுவே, உராய்வால் நிற்கிறது. அடியில் எதிலாவது இடித்தால் பின்னால் மடிந்துவிடும். மேட்டூரில் இது எதற்கு என்பது கொஞ்சம் கீழே.

மிதவைக்கு 160 மில்லிமீட்டர் பிவிசி குழாய், பக்கத்துக்கு ஒரு மீட்டர், இரண்டு முனையிலும் மூடி. ஒரு மீட்டர் குழாய் 20 லிட்டர். முழுக்க அமிழ்ந்தால் 20 கிலோ தூக்கும். படகின் நடுக்கோட்டிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், எடையைத் தூரத்தால் (மீட்டரில்) பெருக்கும் நெம்புகோல் கணக்கில், கவிழ்வதற்கு எதிரான பலம் 16. 30 கிலோமீட்டர் காற்றில், பாய்க்கும் பலகைக்கும் நடுவே உள்ள உயரத்தையும் சேர்த்தால், கவிழ்க்கும் பலம் அதே கணக்கில் 14 வருகிறது. தராசு நம் பக்கம், ஆனால் நூலிழையில்தான். அதனால் 20 கிலோமீட்டருக்கு மேல் காற்று ஏறினால் பாயைப் பாதி சுருட்டிவிடுவது என் வழக்கம். குறுக்குக் கம்பி 38 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய். படகு நேராக நிற்கும்போது மிதவை தண்ணீரைத் தொடாமல் நாலு விரல் மேலே நிற்க வேண்டும். எப்போதும் உரசிக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும்.

கவிழ்ந்து ஏறும் பயிற்சியையும் அதே குட்டையில் முடித்தோம். பாய் தண்ணீரில் விரிந்து கிடக்கும்போது படகை நிமிர்த்த முடியாது, அள்ளிய தண்ணீரின் எடை இழுக்கும். முதலில் கயிற்றைக் கவ்வியிலிருந்து விடுவித்து, நீந்தி மரத்தின் நுனிக்குப் போய் அதைத் தூக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. ஒன்று சொல்ல வேண்டும்: தார்ப்பாலின் விரித்த பண்ணைக்குட்டையில் நீச்சல் தெரிந்தவரே கரையேற முடியாமல் வழுக்குவார். கரையில் மரத்தில் கட்டிய தாம்புக்கயிறு ஒன்றைத் தண்ணீருக்குள் தொங்கவிட்ட பிறகுதான் மாமா எங்களை இறங்கவே விட்டார்.

ஏற்காட்டு ஏரியில் ஓட்டலாமே என்று பலர் கேட்டார்கள். அங்கே சுற்றுலாப் படகுகள் நிறைந்திருக்கும். ஏரியும் சின்னது, சுற்றிலும் மரமும் மேடும் இருப்பதால் காற்று நாலு திசையிலும் சுழலும். அந்த மலை உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் குறைவு என்பதால், அதே வேகக் காற்று பாயை அந்த அளவுக்குக் குறைத்தே தள்ளும். பாய்க்கு மேட்டூர்தான். 1925இல் கட்ட ஆரம்பித்து 1934இல் முடிந்த அணை. 120 அடி நிரம்பினால் தண்ணீர்ப் பரப்பு 59.25 சதுர மைல். தமிழ்நாட்டில் நன்னீரில் இவ்வளவு திறந்த வெளி வேறெங்கே கிடைக்கும்? அணைச் சுவருக்கும் மதகுக்கும் பக்கத்தில் போகவே கூடாது. சொந்தப் படகை இறக்கும் முன் அதிகாரிகளிடம் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் கேட்டு, மேச்சேரி வழியாகக் கொளத்தூர் தாண்டிப் பண்ணவாடிக்குப் போனோம். படகை வண்டியின் மேல் கட்ட லாரிக்காரர்கள் போடும் இழுப்பு முடிச்சுக்கு மிஞ்சியது இல்லை. மரத்தை நிமிர்த்துவதற்கு முன் தலைக்கு மேல் பார்க்க வேண்டும். கரையோர வயல்களில் மின்கம்பி தாழ்வாகப் போகும், மூன்று மீட்டர் அலுமினியக் கம்பியைத் தூக்கிக்கொண்டு அதன் கீழே நடப்பது தற்கொலை. இடி இருக்கிற சித்திரை மாலைகளுக்கும் இதே விதி.

துறையில் பரிசல்காரர் ஒருவர் பாயைத் தடவிப் பார்த்தார். "காத்து பாலமலை மேல ஏறி எறங்குதுங்க. ஒரே சீரா வராது, குத்துக் குத்தா வரும். கவுத்த கையில சுத்திக்காதீங்க" என்றார். கவ்வியில் கயிற்றை நிரந்தரமாகப் பூட்டாமல் கையில் லேசாகப் பிடித்திருப்பது என்ற விதியைத்தான் அவரும் சொன்னார். காற்றுக் குத்து வந்ததும் விரலைத் திறந்தால் பாய் கொடியாகிப் படகு நிமிரும். அவர் காட்டிய இன்னொன்று, அணை நீரில் மூழ்கிய பழைய ஊரின் இடம். நீர்மட்டம் இறங்கும் காலத்தில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். முழுக்க மூழ்கியிருந்தால் தொல்லை இல்லை, முழுக்க வெளியே இருந்தாலும் தொல்லை இல்லை. ஒரு முழம் தண்ணீருக்குக் கீழே நிற்கிற காலத்தில்தான் பக்கப்பலகை மடிய வேண்டும். கிளம்பும் முன் அன்றைய அணை நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்ப்பது எனக்கு இப்போது பழக்கம். வலைகளும் உண்டு. பாட்டிலோ தெர்மகோலோ மிதந்தால் அதன் கீழே ஒருவருடைய பிழைப்பு தொங்குகிறது. பலகையையும் சுக்கானையும் தூக்கிவிட்டுத் துடுப்பால் சுற்றிப் போக வேண்டும்.

ஓடியது எப்படி? பக்கக் காற்றில் துடுப்பே தொடாமல் நல்ல வேகம். காற்றை எதிர்த்து ஏறும்போது சுமார்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் படகு நடுவில் நின்றுவிடப் பார்க்கிறது, ஒரு துடுப்புத் தள்ளு கொடுத்தால் சுற்றிவிடும். பெரிய பாய்ப் படகுக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கூச்சமில்லை. வெல்டிங் இடத்தில் உள்ளே கைவிட்டுப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது. புஷ் சத்தமில்லாமல் சுழல்கிறது. பாயில் ஓரத் தையல் ஓரிடத்தில் பிரிந்தது. சங்ககிரியில் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் கொடுத்து, பாலியெஸ்டர் நூலால் வளைவுத் தையல் போட்டு வாங்கினேன். பருத்தி நூல் வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டியிருந்தது, மற்றதெல்லாம் எங்களைவிட அவருக்குத் தெரிந்திருந்தது.

வெயில் காலத்தில் படகைக் கவிழ்த்து, இரண்டு அகலப் பட்டையில் தாங்கவிட்டு நிழலில் வைக்கிறேன். சேலத்து மே மாத வெயிலில் வெறும் கட்டை மேல் வைத்தால் அடி குழிந்துவிடும். குழிந்ததும் அதே வெயிலில் வைத்துக் கொதிநீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் திரும்பி வரும். இனி மிச்சமிருப்பது சுக்கான். கால்மிதியிலிருந்து போகும் பழைய இரும்புக் கம்பி பிரிபிரியாக விட்டுக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு 3 மில்லிமீட்டர் டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு ஓட்ட வேண்டும். அது நீளாது, துருப்பிடிக்காது, விரலைக் கிழிக்காது. ஆனால் வழுக்கும், சாதாரண முடிச்சு அதில் நிற்காது. முனைகளைப் பின்னித்தான் முடிக்க வேண்டும். அதற்கான ஊசி கோவையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.